தூங்குமூஞ்சி மரத்தின் மேல் ஒரு குற்றச்சாட்டு

மட்டாஞ்சேரி
9 மே 2024

வெயிலில் நின்று வேலை தேடும் தோழர்களே, வேர்வை காயுமுன் விரட்டப்படும் தாய்மார்களே என்று ஊரையே விளித்துப் பழகிய நாவு இது. இன்று ஒரே ஒருவரை விளிக்கிறது. காயலின் அக்கரையில், கலூரில் வாழும் தாவரவியல் பேராசிரியர் அஞ்சனா அம்மையீர், கேளுங்கள்!

இங்கே கடைத்தெருவில், பழைய மிளகுக் கிடங்கின் எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. நேற்று அதன் அடிமரத்தில் ஓர் அறிவிப்பை ஆணியடித்து மாட்டினார்கள். புல்லுருவிகள் பெருகி மரம் நலிந்துவிட்டதாம். எந்நேரமும் முறிந்து விழுமாம். மே முப்பதாம் நாள் காலை ஏழு மணிக்கு வெட்டி அகற்றப்படுமாம். அடியில் உங்கள் பெயர். பெயரின் மேல் உங்கள் கையொப்பம்.

அந்த மரத்தடியில் நிற்பவர்கள் யாரென்று அறிவீர்களா? விருதுநகரிலிருந்தும் நெல்லையிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் வந்து இவ்வூரின் சுவர்களை எழுப்பிய எழுபது பேர். கொத்தர், சித்தாள், சாரம் கட்டுவோர், வண்ணம் பூசுவோர். நாள்தோறும் காலை ஆறு முதல் ஒன்பது வரை அங்கே நிற்கிறார்கள். வீடு கட்டுவோரும் அங்கேதான் ஆள் தேடி வருகிறார்கள். எங்கள் எழுபது பேருக்கும் சேர்த்து இந்நகரில் உள்ள ஒரே முகவரி அந்த நிழல்தான். மரம் சாய்ந்தால் வேலை தருவோர் எங்களை எங்கே தேடுவார்கள்? வேலை தேடும் நாங்கள் எங்கே நிற்போம்?

இதை நேற்றே ஒத்திகை பார்த்துவிட்டோம். அறிவிப்பைக் கண்டு கலங்கிய சிலர், மாற்றிடம் தேடி ஒரு நகைக்கடையின் வாசலில் போய் நின்றார்கள். காவலாளி வந்து, அங்கே நிற்கக் கூடாது என்று விரட்டினார்.

"இவிடெ நிக்கான் பற்றில்லா. கஸ்டமர் வரும். மாறு, மாறு."

எங்கள் சித்தாள் இசக்கிசெல்வி விடவில்லை. "நாங்களும் கஸ்டமருதான் சேட்டா. உள்ள போயி ஒரு மூக்குத்தி விலை கேக்கட்டுமா? ஏசி காத்துல நிக்கதுக்கு எங்களுக்கும் தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே நகர்ந்தும் போனார்கள். அந்த நகர்தல்தான் என் நெஞ்சில் தைத்தது.

உங்களைக் கைபேசியில் அழைக்க மாட்டேன். நீங்கள் தாளில் ஒப்பமிட்டீர்கள், தாளிலேயே கேட்கிறேன். இசக்கிசெல்விக்கு இப்போது உங்கள் தெருவில்தான் கட்டட வேலை. மடலை அவள் கொண்டுவருவாள். மறுமொழியை அவளிடமே கொடுங்கள். எழுபது பேரின் நிழலை ஒரு கையொப்பத்தால் பறிக்க உங்களுக்கு உரிமை தந்தவர் யார்? ஒப்பத்தைத் திரும்பப் பெறுங்கள்!

பிச்சைமணி
செயலாளர், தமிழ்க் கட்டடத் தொழிலாளர் மன்றம்


கலூர்
12 மே 2024

மதிப்பிற்குரிய பிச்சைமணி அவர்களுக்கு,

நமஸ்காரம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபத்தில் பாதிதான் புரிந்தது. எங்கள் குடும்பம் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். உங்களைப் போல எழுத எனக்கு வராது. குறைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மரத்தைப் பற்றி நானாக எதுவும் ஆரம்பிக்கவில்லை. மரத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் அனில் என்பவர், மரங்களைப் பார்வையிடும் எங்கள் கமிட்டிக்குப் புகார் கொடுத்தார். கூடவே ஒரு வீடியோவையும் வைத்திருந்தார். மே தினத்தன்று அந்த மரத்தடியில் ஒருவர் பேசிய பேச்சு. அதை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணாந்து பாருங்கள் தோழர்களே! உழைக்கும் மரத்தின் தோளில் ஏறி அமர்ந்திருக்கும் அந்தச் செடிகளைப் பாருங்கள்! வேர் மண்ணில் இல்லை. வாய் மட்டும் மரத்தில் இருக்கிறது. சாற்றை உறிஞ்சிக் கொழுக்கும் புல்லுருவிகள்! மரம் ஒருநாள் சாயும். சாயும்போது நம் தலைமேல்தான் சாயும்!"

பேசியவர் நீங்கள்.

உங்கள் கூலியில் பங்கு எடுத்துக்கொள்ளும் ஆள்பிடிக்கும் தரகர்களைத்தான் நீங்கள் சொன்னீர்கள் என்று எனக்குப் புரிகிறது. அனிலுக்கு மரம்தான் புரிந்தது. வீடியோவில் பெரிய கைதட்டல் கேட்கிறது. அதில் ஒன்று அவருடையதாகவும் இருக்கலாம். அவர் கடை வாசலில் தினமும் சுற்றுலாக்காரர்கள் நிற்கிறார்கள். பயந்ததில் தப்பு சொல்ல முடியுமா?

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அன்று கமிட்டி மேசையில் நாற்பத்தொரு மரங்கள் இருந்தன. உங்கள் மரத்தை நான் போட்டோவில்தான் பார்த்தேன். கடும் வெயில் நாளில் கீழேயிருந்து எடுத்த படம். கிளை முழுவதும் பழுப்பாக, செத்துப்போனது போலத் தெரிந்தது. எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. வந்தும் கையெழுத்துப் போட்டேன்.

அஞ்சனா விஸ்வநாத்


மட்டாஞ்சேரி
14 மே 2024

அம்மையீர்,

என் சொற்களை எனக்கே படித்துக் காட்டியிருக்கிறீர்கள். மேடையில் முப்பது ஆண்டுகள் பேசியவன் நான். இதுவரை எவரும் என் பேச்சுக்கு இப்படி ஒரு தண்டனை தந்ததில்லை.

அது உவமை, அம்மையீர்! முறையீடு அன்று! உவமையைக் கேட்டுக் கோடரி எடுப்பார்கள் என்றால் எந்தப் பேச்சாளன் வாய் திறப்பான்? உங்கள் மடலைக் கண்ட மறுகணமே அனிலின் கடைக்குச் சென்று கேட்டேன். அவர் தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணாச்சி பறஞ்சது கேட்டிட்டுதானே நான் பராதி, அதான் புகாரு, கொடுத்தேன்? மரம் தலைமேல வீழும்னு மைக்ல பறஞ்சது நானா? இப்போ என்னோட கோபப்பட்டா எப்படி? சாயா குடிக்கூ."

குடித்தேன். வேறென்ன செய்வது?

இசக்கிசெல்வி அதற்கு மேல். "அண்ணாச்சி, நீங்க இனிமே பேசும்போது மேல பாக்காதீய. கீழ பாருங்க. தார் ரோட்டுக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள். மரத்தடி முழுவதும் சிரிப்பு.

உண்மையைச் சொல்கிறேன். புல்லுருவி என்ற சொல்லை நான் நூலில் கற்றேன். செடியைக் கண்ணால் கண்டு கற்கவில்லை. மரத்தின்மேல் முளைப்பதெல்லாம் மரத்தை உண்பது என்றே எண்ணியிருந்தேன். ஆயினும் என் பேச்சைத் திரும்பப் பெற மாட்டேன். நான் உவமையை விலக்கினால், குற்றத்தையே விலக்கிக்கொண்டேன் என்று தரகர்கள் கூத்தாடுவார்கள். அத்தனை பேர் துணிந்து என் பின்னால் நின்ற ஒரு குற்றச்சாட்டை, ஒரு செடிக்காக நான் கைவிட முடியாது.

உங்கள் ஐயம் என்னவென்று மட்டும் எழுதுங்கள். அந்தச் செடிகள் புல்லுருவி இல்லையென்றால், அவை யார்?

பிச்சைமணி


கலூர்
16 மே 2024

மதிப்பிற்குரிய பிச்சைமணி அவர்களுக்கு,

"அவை எவை" என்று கேட்காமல் "அவை யார்" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்காகவே பதில் எழுதுகிறேன்.

உயிர்களை நாங்கள் இரண்டு விதமாகப் பிரித்துப் பார்ப்போம். யாருக்கு யார் உறவு என்று பார்ப்பது ஒன்று. அதற்குப் பூவையும் விதையையும் பார்த்துக் குடும்பம் குடும்பமாக அடுக்குவோம். யார் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று பார்ப்பது இன்னொன்று. இந்த இரண்டு பிரிவும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பெரணி பூவே பூக்காத மிகப் பழைய வம்சம். இந்த ஊரில் மரவாழை என்று சொல்லும் ஆர்க்கிட் பூக்கும் வம்சம். இரண்டுக்கும் கிட்டத்தில் உறவே கிடையாது. ஆனாலும் இரண்டும் மரப்பட்டையில் உட்கார்ந்து, மழைத்தண்ணீரையும் தூசியையும் உதிர்ந்த இலையையும் வைத்துப் பிழைத்துக்கொள்ளும். மரத்திடம் வாங்குவது உட்கார ஓர் இடம் மட்டும். பள்ளிப் புத்தகத்தில் இவற்றைத் தொற்றுத்தாவரம் என்பார்கள்.

புல்லுருவியின் பிழைப்பு வேறு. அதன் விதையில் பசை இருக்கும். குருவி பழத்தைத் தின்று கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். விதை அங்கேயே ஒட்டி, முளைத்து, பட்டையைத் துளைத்துக் கட்டைக்குள் இறங்கி, மரம் மேலே ஏற்றும் தண்ணீரைப் பாதி வழியில் எடுத்துக்கொள்ளும். ஆனால் அதன் உறவுக்காரர் யார் தெரியுமா? சந்தன மரம். அதுவும் மண்ணுக்கடியில் பக்கத்துச் செடிகளின் வேரைப் பிடித்து உறிஞ்சுவதுதான். அதை நாம் அரைத்து நெற்றியில் வைத்துக்கொள்கிறோம். அதனால் ஒரு வேண்டுகோள்: செடிகளைக் கொண்டு மனிதர்களுக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். செடி தாங்காது, மனிதரும் தாங்க மாட்டார்கள்.

போட்டோவில் பழுப்பாகத் தெரிந்தது ஒருவேளை சாவு இல்லை. சில பெரணிகள் வேண்டுமென்றே பழுப்பு இலை வளர்க்கும். அந்த இலை உதிராமல் கிண்ணம் போல நின்று, மேலிருந்து விழும் சருகைப் பிடித்து, அங்கேயே மண் செய்துகொள்ளும். பச்சை இலைகளைக் கோடையில் கொட்டிவிட்டு மழைக்குக் காத்திருக்கும்.

ஆனால் இதெல்லாம் என் ஊகம். ஊகத்தில் ஒரு தடவை கையெழுத்துப் போட்டது போதும். பயமில்லாமல் ஏறக்கூடிய ஒருவரைக் கயிறு கட்டி மேலே அனுப்புங்கள். ஒவ்வொரு வகையையும் கையால் பிடித்து மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். தொற்றுத்தாவரம் பட்டையை விட்டுக் கையோடு வந்துவிடும். புல்லுருவி வராது, கிளையை வெட்டினால்தான் வரும். வகைக்கு ஒரு துண்டு, தனித்தனிப் பொட்டலமாக எனக்கு அனுப்புங்கள்.

எது கிடைத்தாலும் அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும்.

அஞ்சனா


மட்டாஞ்சேரி
20 மே 2024

அம்மையீர்,

ஏறினோம். நான் ஏறவில்லை, என் குரல்தான் ஏறியது. ஏறியவர் அழகர், நாமக்கல் பக்கம். பத்து மாடிச் சாரத்தில் வெறுங்காலோடு நடப்பவர். இடுப்பில் கயிறு கட்டி, அணில்போல் ஏறினார். முதற்கிளையில் நின்று கூவினார்:

"அண்ணே, இது முடவாட்டுக்கால்ண்ணே! கொல்லிமலையில விக்கிறது! கிழங்கு மேல ஆட்டுக்கால் கணக்கா முடி இருக்கு பாருங்க! சூப்பு வெச்சா மூட்டுவலி போயிரும்!"

கீழிருந்து இசக்கிசெல்வி: "மேல ஏறியும் சூப்ப நெனைக்கான் பாரு. அம்மா கேட்டது இழுத்தா வருதான்னு. மொதல்ல இழுலே!"

"வருதுக்கா! வேரு பட்டை மேலதான் ஓடுது. உள்ள போகல!"

நீங்கள் எழுதியது போலவே பழுப்புக் கிண்ணங்கள், அவற்றுள் கைப்பிடி கைப்பிடியாகக் கருமண். மண்ணே இல்லாத உயரத்தில் மண் செய்து வைத்திருக்கின்றன, அம்மையீர்! முந்தாநாள் பெய்த மழைக்கே கிழங்கின் நுனியில் பச்சைக் குருத்து சுருண்டு எழுந்திருக்கிறது. அடுத்தது காசளவில் தடித்த இலைகளோடு கிளைமேல் ஓடும் ஒரு கொடி. அதுவும் கையோடு வந்தது. மூன்றாவது மரவாழை. வெயிலில் வெளிறிக் கிடந்த அதன் வேர்களை அழகர் எச்சில் தொட்டுத் தேய்த்தார், கண்முன்னே பச்சையாயின. மரத்தடியில் கூச்சல், கைதட்டல். அனில் கடை வாசலிலிருந்து, "எடோ, மெல்லெ! என்டெ போர்டு மேல வீழும்!" என்று கத்தினார். "விழுந்தா போர்டு மேலயும் ஒரு பராதி குடுங்க சேட்டா" என்றாள் இசக்கிசெல்வி. அவரும் சிரித்துவிட்டார்.

பிறகு அழகர் வடக்குக் கிளைக்கு நகர்ந்தார். தெருவின் மேல் நீண்டிருக்கும் கிளை அது. அங்கே ஒரு பசும் புதர். இழுத்தார்; வரவில்லை. இரு கையாலும் பற்றி இழுத்தார், கிளைதான் ஆடியது.  அரிவாளால் ஒரு துண்டு வெட்டி எடுத்து வந்தார். புதர் பற்றியிருந்த இடத்தில் கிளை முழங்கால் போல் வீங்கியிருந்தது.

"மூணு பொட்டலம் போதும் அண்ணே" என்று அழகர் தாழ்ந்த குரலில் சொன்னார். "நாலாவது யாருக்குத் தெரியும்?"

  நாலாவது பொட்டலத்தை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தேன். தண்ணீரில் எறிந்துவிடலாம் என்பதே என் எண்ணம். எழுபது பேருக்காக ஒரு தழையை மறைப்பது குற்றமா? துறையில் நெடுநேரம் நின்றேன். மேலே எதையும் பாராமல் பேசி ஒரு மரத்தைச் சாவுக்கு அனுப்பியவன், கண்டதை மறைத்து அதைக் காப்பாற்றினால், நாளை அக்கிளை முறிந்து ஒருவர் தலையில் விழுந்தால் எந்த மேடையில் நின்று என்ன பேசுவேன்?

பொட்டலங்கள் நான்கும் இதனுடன் வருகின்றன.

பிச்சைமணி


கலூர்
24 மே 2024

மதிப்பிற்குரிய பிச்சைமணி அவர்களுக்கு,

நான்காவது பொட்டலத்தை முதலில் பிரித்தேன். புல்லுருவிதான்; இங்கே இத்திக்கண்ணி என்பார்கள். கட்டைக்குள் நன்றாக இறங்கியிருக்கிறது. நீங்கள் அதை அனுப்பாமல் இருந்திருந்தால், மற்ற மூன்றையும் நம்பி மரத்தில் எந்தக் குறையும் இல்லை என்று நான் எழுதியிருப்பேன். இரண்டாவது தடவையும் தப்பாக எழுதியிருப்பேன்.

மற்ற மூன்றும் மரத்துக்குக் கெடுதல் செய்யாதவை. மழைக்காலத்தில் நனைந்து கனம் ஏறும் என்பது உண்மை. காய்ந்த கிளையில் இருப்பதை மட்டும் குறைத்தால் போதும். வடக்குக் கிளையை, வீக்கத்துக்கு இரண்டு முழம் உள்ளே தள்ளி வெட்ட வேண்டும். மரம் நிற்கும். நன்றாகவே நிற்கும்.

நேற்று கமிட்டிக்குப் புதிய அறிக்கை கொடுத்தேன். என்னோடு வேலை செய்பவர் ஒருவர், "மறுபரிசோதனை என்று எழுது, தவறு என்று எழுதாதே" என்றார். ஒரு மணி நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில், "மரத்தை நேரில் பார்க்காமல் கையெழுத்திட்டது என் தவறு" என்றே எழுதினேன். எழுதிய பிறகு நல்ல பசி எடுத்தது.

ஆனால் இது போதாதாம். புகாருக்கு ஆதாரம் உங்கள் பேச்சு. பேசியவரே அதைப் பொதுவில் திருத்திச் சொல்லி, எழுத்திலும் கொடுத்தால்தான் பழைய உத்தரவை மாற்றுவார்களாம். கமிட்டி 29ஆம் தேதி கூடுகிறது. என் தவறை விசாரிக்கும் கூட்டத்தில் நான் உட்காருவது முறையில்லை, அதனால் போகவில்லை. இன்னொன்றும் உண்டு. அந்த எழுபது பேரை நேருக்கு நேர் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தாளில் மன்னிப்புக் கேட்பது எளிது.

தரகர்கள் சிரிப்பார்கள் என்று நீங்கள் எழுதியதை மறக்கவில்லை. முடிவு உங்களுடையது.

அஞ்சனா


மட்டாஞ்சேரி
29 மே 2024, பிற்பகல்

அம்மையீர்,

பேசினேன்! ஞாயிறு காலை, கொட்டும் மழையில், அதே மரத்தடியில், அதே ஒலிபெருக்கியில் பேசினேன்.

"தோழர்களே! மே நாளில் இங்கே நின்று ஒரே மூச்சில் இரண்டு குற்றங்களைச் சாட்டினேன். ஒன்று மனிதர்மேல். அது நின்றது, நிற்கிறது, நிற்கும்! மற்றொன்று இம்மரத்தின் செடிகள்மேல். அது பொய். அறியாமல் சொன்னேன், ஆயினும் பொய். மூன்று செடிகள் குற்றமற்றவை. நான்காவது, ஒரே கிளையில், குற்றமுள்ளது. எண்ணிப் பாராமல் நான்கையும் ஒரே பெயரால் அழைத்தவன் நான். அந்தப் பிழை என்னுடையது. மரத்தினுடையது அன்று!"

கைதட்டல் இல்லை. மழைதான் கேட்டது. தரகர் கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்: "அப்ப எங்களையும் தொற்றுத்தாவரம்னு மாத்திச் சொல்லுய்யா!"

நான் வாய் திறக்குமுன் இசக்கிசெல்வி எழுந்தாள். "மாத்தலாமே! இங்க வா, இழுத்துப் பாப்போம். கையோட வந்துட்டேன்னா தொற்றுத்தாவரம்!"

மரத்தடி அதிர்ந்தது, அம்மையீர். செடியைக் கொண்டு மனிதரைத் தீர்ப்பிடாதீர் என்று எழுதினீர்கள். அவளிடம் அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. குற்றச்சாட்டு சாகவில்லை என்பதை மட்டும் அந்தச் சிரிப்பில் உணர்ந்தேன். என் தோளிலிருந்து பெருஞ்சுமை இறங்கியது.

இன்று காலை பதினொரு மணிக்குக் குழுவின் முன் நின்றேன். என் திருத்தத்தை எழுத்தில் கொடுத்தேன். அனிலும் வந்திருந்தார், "கொம்பு மட்டும் வெட்டினா எனிக்கு அது போதும், மரம் நிக்கட்டெ" என்று சொல்லி, ஒப்பமும் இட்டார். உங்கள் புதிய அறிக்கையைத் தலைவர் உரக்கப் படித்தார்.  எல்லாரும் ஏற்றார்கள்.

ஆனால் ஒரு கட்டளை இட்டார்கள். எந்தக் கிளை, எவ்விடத்தில் வெட்டு, என்பதைத் தாவரவியலார் நேரில் நின்று மரத்தின்மேல் வண்ணக்கோடு இட்டுக் காட்ட வேண்டும். கோடு இருந்தால் கிளை மட்டும். நாளைக் காலை ஏழு மணிக்கு அறுவைப்பொறியோடு வண்டி வரும்போது கோடு இல்லையென்றால் பழைய ஆணையே செல்லும். முழு மரமும் வீழும். இன்னொரு நாள் கேட்டேன். மழைக்காலம் தொடங்கிவிட்டது, ஒத்திவைக்க முடியாது என்றார்கள். அழகர் கோடு போடட்டுமா என்று கேட்டேன். உங்கள் கைதான் வேண்டுமாம்.

எழுபது பேரை நேரில் காணத் துணிவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் உங்களை என்ன கேட்பார்கள் என்று நான் சொல்லட்டுமா? முடவாட்டுக்காலில் சூப்பு வைக்கலாமா என்று அழகர் கேட்பார். அந்த நாலாவது செடிக்குப் பூ உண்டா, என்ன நிறம் என்று இசக்கிசெல்வி கேட்பாள். நேற்றே என்னைக் கேட்டாள், எனக்குத் தெரியவில்லை. கேள்விகள் காத்திருக்கின்றன, அம்மையீர். கல்லெறிய எவரும் காத்திருக்கவில்லை.

மழையைக் காரணம் சொல்லாதீர்கள். பேருந்து கிடைக்கவில்லை என்று எழுதாதீர்கள். கையில் வண்ண வாளியோடு இசக்கிசெல்வி இப்போது உங்கள் வாசலில் நிற்கிறாள். உங்கள் வாய்ச்சொல்லைக் கேட்காமல் திரும்ப மாட்டாள். மறுமடல் வேண்டாம். இனி ஒரு தாளும் வேண்டாம். நாளை விடிந்ததும் முதற்படகில் ஏறுங்கள். ஏழு மணிக்கு முன்னே மரத்தடிக்கு வாருங்கள். ஏணி வைத்திருக்கிறோம், பிடிக்க எழுபது பேர் இருக்கிறோம். ஏறி, அந்தக் கிளையில் கோட்டைப் போடுங்கள்!

பிச்சைமணி